கண்மாய்க்கரை மனை: எவ்வளவு இறங்கும், எத்தனை வருஷத்தில்?

வாசகர் கேள்வி – பொறியாளர் பதில்

செட்டிநாட்டில் மேட்டு நிலம் என்றால் சரளை, செம்புறாங்கல். அங்கே அஸ்திவாரம் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பள்ளத்துப் பக்கம், கண்மாய் ஓரம், தூர்ந்த ஊருணி என்று வந்துவிட்டால் கதையே வேறு. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அந்தக் குழைந்த களியைப் பற்றித்தான்.

கேள்வி: கண்மாயை ஒட்டி 40-க்கு 60 மனை வாங்கியிருக்கிறோம். பட்டா நிலம்தான். ரோடு மட்டத்துக்குக் கொண்டுவர 5 அடி கிராவல் அடிக்க வேண்டும். மண் பரிசோதனையில் மேலே 3 மீட்டர் கருப்பான குழைந்த களி, கீழே சரளை என்று வந்திருக்கிறது. தண்ணீர் மட்டம் களியின் மேற்பரப்பிலேயே நிற்கிறது. வெற்றிட விகிதம் 1.6, சி.சி. 0.5, சி.வி. வருஷத்துக்கு 1 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு இறங்கும்? எப்போது வீடு கட்டலாம்?
– காரைக்குடி வாசகர்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனிக் கணக்கு. எவ்வளவு இறங்கும் என்பதற்கு சி.சி. (அமுக்கக் குறியெண்) வேண்டும். எத்தனை நாளில் இறங்கும் என்பதற்கு சி.வி. (இறுகல் வேகத்தைச் சொல்லும் கெழு) வேண்டும். இரண்டையும் கையில் வைத்திருக்கிறீர்கள், நல்லது.

முதலில் அளவு. கிராவல் கன மீட்டருக்கு 1.8 டன் என்று கொள்ளுங்கள். 5 அடி, அதாவது 1.5 மீட்டர் அடித்தால் களியின் தலையில் சதுர மீட்டருக்கு 2.7 டன் ஏறுகிறது. தண்ணீருக்குள் கிடக்கும் களி தன் எடையில் மீட்டருக்கு 0.6 டன்தான் கீழே தள்ளும். சி.சி. என்பது, அழுத்தம் பத்து மடங்கு கூடும்போது வெற்றிட விகிதம் (மண் துகள்களின் கன அளவைப்போல இடைவெளி எத்தனை மடங்கு) எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லும் எண். ஆகவே 3 மீட்டர் களியை ஒரு மீட்டர் வீதம் மூன்று அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பழைய அழுத்தம், புது அழுத்தம் இரண்டையும் போடுங்கள். மேலடுக்கில் 0.3 டன் 3.0 ஆகிறது, பத்து மடங்கு. நடு அடுக்கில் 0.9 டன் 3.6 ஆகிறது, நான்கு மடங்கு. கீழடுக்கில் 1.5 டன் 4.2 ஆகிறது, 2.8 மடங்கு. இந்த மடங்குகளின் லாக் மதிப்புகள் 1.00, 0.60, 0.45. கூட்டினால் 2.05. அதை 0.5-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுங்கள் (அந்த 2.6 என்பது 1 + 1.6). கிடைப்பது 0.39 மீட்டர். உங்கள் மனை 39 செ.மீ. இறங்கும்.

அடுக்கு பிரிக்காமல் மொத்தக் களிக்கும் நடுவில் ஒரே கணக்காகப் போட்டால் 35 செ.மீ. என்றுதான் வரும். மிக இளகிய மண்ணில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மேலடுக்கு கிட்டத்தட்ட எடையே தாங்காமல் கிடந்த மண். மொத்த இறக்கத்தில் பாதி அந்த முதல் மீட்டரிலிருந்துதான் வருகிறது.

அடுத்து காலம். களிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போனால்தான் களி இறங்கும். 1923-ல் மண் பொறியியலாளர் டெர்சாகி தந்த தேற்றத்தின்படி, தண்ணீர் போக வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காலம் கூடும். உங்கள் மனையில் மேலே கிராவல், கீழே சரளை. இரண்டு பக்கமும் வடியும் என்பதால் தூரம் 1.5 மீட்டர். 90 சதவீதம் இறங்குவதற்கான கெழு 0.848. அதை 1.5-இன் வர்க்கமான 2.25-ஆல் பெருக்கி, சி.வி. 1-ஆல் வகுத்தால் 1.9 வருஷம். பாதி இறங்க ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல். கீழே இருப்பது சரளை இல்லாமல் தண்ணீர் விடாத கட்டிக் களியாக இருந்துவிட்டால் தூரம் 3 மீட்டராகி, அதே 90 சதவீதத்துக்கு 7.6 வருஷம் பிடிக்கும். போர் லாகில் (துளை போட்டபோது எழுதிய மண் பதிவில்) "சரளை" என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். துளை போட்டவரிடம், கீழிருந்து எடுத்த மண்ணைக் கையில் வாங்கி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் நான்கு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

இனி வீடு. தரைத்தளத்துக்கு மட்டும் பரவலாகச் சதுர மீட்டருக்கு 1.2 டன் வைத்தால், கிராவலின் 39 செ.மீ. போக இன்னும் 7 செ.மீ. இறங்கும். இரண்டு வருஷம் காத்திருந்து கட்டினாலும் கிராவலில் மிச்சம் 3, 4 செ.மீ. இருக்கும். ஆக வீட்டோடு சேர்ந்து 10 செ.மீ.க்கு மேல் கீழே போகும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1904, களியில் தனித்தனி அஸ்திவாரம் போட்ட கான்கிரீட் கட்டடத்துக்கு 75 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது. அதைவிட முக்கியம், தூணுக்குத் தூண் வித்தியாசம். இடைவெளி 4 மீட்டர் என்றால் 6 மி.மீ.தான் எல்லை.

வழி இருக்கிறது. வீடு தரப்போகும் எடையைவிட அதிகமான மண்ணை முன்கூட்டியே ஏற்றிவைத்து, இறங்கியதும் எடுத்துவிடுவது. இன்னும் 5 அடி கிராவல் கூட்டினால் மொத்தம் 3 மீட்டர். அதற்கு முழு இறக்கம் 54 செ.மீ. உங்களுக்கு வேண்டியது கிராவல் 39, வீடு 7, பின்னங்களையும் சேர்த்து 47 செ.மீ. தரை 47-ஐத் தொட்டதும் கூடுதல் மண்ணை எடுத்துவிட்டு வீட்டைத் தொடங்கலாம்.

ஆனால் 3 மீட்டரை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. இந்த மாதிரிக் களியின் வெட்டு வலிமை சதுர மீட்டருக்கு 1 டன் என்று வைத்துக்கொண்டால், அதன் 5.14 மடங்கில், அதாவது 5.14 டன்னில் களி பிதுங்கும். 3 மீட்டர் கிராவல் 5.4 டன். அடித்த அன்றே பக்கத்து வயலில் சேறு மேலெழும்பி நிற்கும். பாதுகாப்புக்கு 1.3 மடங்கு வைத்தால் முதல் கட்டத்தில் 2.2 மீட்டர்தான் உச்சம். ஆகவே முதலில் 1.5 மீட்டர் மட்டும் அடித்து ஒரு வருஷம் விடுங்கள். அதற்குள் 73 சதவீதம், அதாவது 29 செ.மீ. இறங்கியிருக்கும். மண்ணின் மேல் ஏறிய எடையில் இறுகிய பங்குக்கு 0.22 மடங்கு வலிமை கூடும். 1 டன்னாக இருந்தது 1.4 ஆகும். அப்போது 3 மீட்டரைத் தாங்கும். இரண்டாவது 5 அடியை ஏற்றி இன்னும் ஒரு வருஷம் விட்டால் 47 செ.மீ.யைத் தொட்டுவிடும். மொத்தம் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்.

கிராவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2,400 சதுர அடிக்கு 5 அடி என்றால் 120 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 39 செ.மீ. உள்ளே போவதால் மட்டும் 31 யூனிட் கண்ணுக்குத் தெரியாமல் காணாமல் போகும். "லோடு குறைத்துப் போட்டுவிட்டார்கள்" என்று டிப்பர்காரரோடு வரும் சண்டை பாதி இதனால்தான். அப்படிக் குறைந்ததைத் திரும்ப நிரப்பினால் அதுவும் எடைதான். அதற்கு இன்னும் 4, 5 செ.மீ. இறங்கும். கூடுதல் 120 யூனிட் வீணில்லை. எடுக்கும்போது இந்தப் பள்ளத்தை நிரப்பியதுபோக மீதியை விற்கலாம், அடுத்த மனைக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக, சி.வி. என்ற எண்ணை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் களத்தில் இரண்டு மடங்கு இப்படியோ அப்படியோ போகும். 1.9 வருஷம் என்று நாங்கள் சொன்னதை ஒரு வருஷம் முதல் நான்கு வருஷம் வரை என்று வாசியுங்கள். அதைச் சுருக்க ஒரே வழி அளந்து பார்ப்பதுதான். கோட்டையூர் வாசகருக்கான பதிலில் அது வருகிறது.

கேள்வி: கொத்தனார், "மண்ணை அடிச்சுப் போட்டுட்டு ஒரு மழைக்காலம் விட்டுருங்க, தானா அமுங்கிரும்" என்கிறார். சரியா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: அவர் சொல்வது கொட்டிய மண்ணுக்குப் பொருந்தும், அடியில் இருக்கும் களிக்குப் பொருந்தாது. டிப்பரில் கொட்டிய மண் உள்ளே பொதபொத என்று இருக்கும். மழை நனைத்ததும் மண்ணின் பிடிப்பு விட்டு அமுங்கும். ஒன்றிரண்டு மழையில் அது முடிந்துவிடும். மேட்டு மனையில் சரளை மேல் மண் அடித்தவர்களுக்கு அதுவே போதும். 30 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டினால் மழைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்மாய்க் களிக்கோ மழை எதையும் செய்யாது. ஏற்கெனவே தண்ணீர் நிறைந்து கிடக்கும் மண் அது. அதிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டும், உள்ளே போக வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் மண் பரிசோதனை அறிக்கை துளை போட்ட மூன்றாம் நாளே வந்துவிட்டது. சி.சி. 0.45 என்று இருக்கிறது. நம்பலாமா? எந்தெந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்?
– கண்டனூர் வாசகர்

பதில்: உங்கள் லிக்விட் லிமிட் (களி கூழாகி ஓடத் தொடங்கும் ஈர சதவீதம்) 60 என்று அந்த அறிக்கையில் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அந்த 0.45 சோதனையில் வந்ததில்லை. லிக்விட் லிமிட்டில் 10-ஐக் கழித்து 0.009-ஆல் பெருக்கும் பழைய சூத்திரத்தில் வந்தது. தோராயத்துக்கு அது தவறில்லை. ஆனால் சி.வி.யை அப்படி எடுக்க முடியாது, காலக் கணக்கு நிற்காது.

உண்மையான ஓடோமீட்டர் சோதனை மூன்று நாளில் முடியாது. ஐ.எஸ். 2720 பகுதி 15-இன்படி, 60 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கனமும் உள்ள மண் வில்லையை வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் நுண்துளைக் கல் வைத்து எடை ஏற்றுவார்கள். ஒவ்வொரு எடையும் 24 மணி நேரம் நிற்கும். ஏழெட்டு எடை ஏற்றி இறக்கும்போது பத்து நாளுக்கு மேலாகும். அந்த வில்லைக்கும் உங்கள் மனைக்கும் உள்ள உறவைப் பாருங்கள். வில்லையில் தண்ணீர் போகும் தூரம் 10 மி.மீ. மூன்று மீட்டர் களியில் 1.5 மீட்டர், 150 மடங்கு. வர்க்கம் 22,500. சி.வி. 1 என்றால் வில்லை 45 நிமிஷத்தில் 90 சதவீதம் இறங்கிவிடும். அந்த 45 நிமிஷம்தான் மனையில் 1.9 வருஷமாக விரிகிறது. சோதனைக்கூடத்தில் முதல் சில நிமிஷங்களில் டயல் கேஜை ஒருவர் கவனமில்லாமல் படித்தால் அது மனையில் மாதக் கணக்கில் பிழையாக வரும்.

கேட்டு வாங்க வேண்டியவை இவை. மாதிரியை மெல்லிய சுவர்க் குழாயில் அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்து எடுக்கும் எஸ்.பி.டி. குழாய் மண் குலைந்தது, இறுகல் சோதனைக்கு ஆகாது. மேலும் இந்த மண்ணில் எஸ்.பி.டி. எண் (குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடித்தார்கள் என்பது) 0 அல்லது 1 என்றுதான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வலிமைக்கு வேன் ஷியர் சோதனை (இறக்கை போன்ற தகட்டை மண்ணில் செருகித் திருகுவது) களத்திலேயே செய்யச் சொல்லுங்கள். குழாயின் இரு முனையையும் மெழுகால் அடைத்து, நிமிர்த்தி, மரத்தூளில் புதைத்துக் கொண்டுபோக வேண்டும். டிரக்கின் தரையில் படுக்கப் போட்டு மேடுபள்ளத்தில் ஓட்டினால் மாதிரி கொழகொழத்துவிடும். குலைந்த மாதிரி சி.வி.யைக் குறைத்துக் காட்டும். ஓடோமீட்டரில் முதல் எடை மிகச் சிறியதாக இருக்கட்டும், சதுர மீட்டருக்கு 0.25 அல்லது 0.5 டன். வழக்கமாகத் தொடங்கும் எடையே உங்கள் மேலடுக்கு இதுவரை பார்த்திராத சுமையாக இருக்கலாம்.

பரிசோதனைக்கு முன்பே நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். இரண்டு அடி தோண்டி ஒரு பிடி களியை எடுத்து முஷ்டியை இறுக்குங்கள். விரல் இடுக்கு வழியாக அது பிதுங்கி வந்தால் மிக இளகிய மண் என்று வைத்துக்கொள்ளலாம். சோதனைச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

கேள்வி: பொறியாளர் வைத்து அளக்க வசதியில்லை. மண் இறங்குவதை நாங்களே அளந்து, எப்போது முடியும் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: முடியும். சோதனைக்கூடத்துக் கணக்கைவிட இதுதான் நம்பகமானது.

2 அடிக்கு 2 அடி, 6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு. நடுவில் 1 அங்குல ஜி.ஐ. குழாயை நேராக வெல்ட் செய்யுங்கள். கிராவல் அடிக்கும் முன் களியின் மேல் மணலைச் சமமாகப் பரப்பித் தகட்டை உட்கார வைக்க வேண்டும். குழாயைச் சுற்றி 3 அங்குல பி.வி.சி. குழாயை உறையாகப் போடுங்கள். உறை இல்லாவிட்டால் கிராவல் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கும், அளவு தப்பாகும். மண் உயர உயரக் குழாயை நீட்டிக்கொண்டே போகலாம், நீட்டிய நீளத்தை எழுதிவையுங்கள். 40-க்கு 60 மனைக்கு மூன்று தகடு: நடுவில் ஒன்று, எதிரெதிர் மூலையில் இரண்டு. சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஜேசிபி ஓட்டுபவர் பார்க்காமல் வளைத்துவிட்டால் அதுவரை எடுத்த அளவெல்லாம் போயிற்று.

ஒப்பிடுவதற்கான நிலையான புள்ளி மனையிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் பாறையிலோ பழைய கட்டடத்தின் கல் படியிலோ இருக்கட்டும். பக்கத்து மின்கம்பத்தை வைத்தால் அதுவும் சேர்ந்து இறங்கும். ஆட்டோ லெவல் வாடகைக்குக் கிடைக்கும். டியூப் லெவலில் எடுத்தால் 3 மி.மீ. வரை பிழை வரும், இந்த அளவு இறக்கத்துக்கு அது பரவாயில்லை.

மண் அடித்து முடித்த பிறகு சரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு எடுங்கள். ஒரு மனையில் 120, 164, 199, 227, 250 மி.மீ. என்று வருவதாகக் கொள்வோம். 1978-ல் ஜப்பானின் அசாவோகா வெளியிட்ட முறை மிகவும் எளிது. கட்டத்தாளில் படுக்கை அச்சில் முந்தைய அளவு, நிமிர்ந்த அச்சில் அடுத்த அளவு. 120-க்கு நேரே 164, 164-க்கு நேரே 199 என்று புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். மூலையிலிருந்து 45 டிகிரியில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம்தான் முடிவான இறக்கம், அடுத்த அளவும் முந்தைய அளவும் ஒன்றாகும் இடம் அது. இங்கே 340 மி.மீ. வரும். இதுவரை 250 இறங்கியாயிற்று, 74 சதவீதம். கோட்டின் சாய்வு 0.8. அதாவது மிச்சம் ஒவ்வொரு இரண்டு மாதத்திலும் 0.8 மடங்காகச் சுருங்குகிறது. மிச்சமிருக்கும் 90 மி.மீ., 34 மி.மீ. ஆகி 90 சதவீதத்தைத் தொட இன்னும் ஒன்பது மாதம்.

இரண்டு இடத்தில் தவறுவார்கள். மண் அடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவுகளையும் சேர்த்துப் புள்ளி வைப்பது ஒன்று. எடை மாறாத காலத்து அளவுகள் மட்டுமே செல்லும். பாதி இறங்கும் முன்பே கோடு போட்டு முடிவு சொல்வது மற்றொன்று. அப்போது வரும் எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். நடுவில் மண் கூட்டினால் புதிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி: ஓடோமீட்டர் அளவுகளில் லாக் முறையில் ஒரு சி.வி.யும் வர்க்கமூல முறையில் வேறொரு சி.வி.யும் வருகிறது. எதை எடுப்பது?
– பள்ளத்தூர், பொறியியல் மாணவி

பதில்: இறக்கத்தைக் காலத்தின் வர்க்கமூலத்தோடு வரைவது வர்க்கமூல முறை, காலத்தின் லாக்கோடு வரைவது லாக் முறை. முதலாவது ஆரம்ப அளவுகளை வைத்துக் கணக்கிடுகிறது, லாக் முறை பிற்பகுதி வளைவையும் சேர்த்து. மெதுவான பின்னிறக்கம் கலப்பதால் லாக் முறையில் பெரும்பாலும் குறைவாக வரும். இரண்டையும் அறிக்கையில் எழுதிவிட்டு, காலக் கணக்கைக் குறைந்த எண்ணில் போடுங்கள். மனை சம்பந்தப்பட்ட அழுத்தத்தில் வந்த சி.வி.யை மட்டும் எடுங்கள். எல்லா எடைக்கும் சராசரி போடுவது அர்த்தமில்லாத வேலை.

கேள்வி: ஊருணியைத் தூர்வாரிய சேற்றைப் பழைய செம்புறாங்கல் குழியில் கொட்டினோம். 4 மீட்டர் ஆழம் நிரம்பிவிட்டது. மேலே காய்ந்து வெடித்திருக்கிறது. அதை விளையாட்டுத் திடலாக்கலாம் என்று ஊரில் பேச்சு. எப்போது முடியும்?
– கல்லல் வாசகர்

பதில்: முதலில் வேலி போடுங்கள், இன்றைக்கே. மேலே ஓடு மாதிரி காய்ந்திருப்பது ஒரு சாண் இருக்கும். அடியில் கூழ். பிள்ளைகளும் மாடும் அதன் மேல் நடந்தால் உடைந்து உள்ளே போய்விடும் அபாயம் உண்டு.

கணக்கு இப்படி. சேற்றின் ஈரம் 150 சதவீதம் இருந்தால் வெற்றிட விகிதம் 4. அப்படியானால் அந்த 4 மீட்டரில் உண்மையான மண் 0.8 மீட்டர்தான், மீதி தண்ணீர். விகிதம் 1.6-க்கு வரும்போது உயரம் 2.1 மீட்டராகிவிடும். அதாவது பாதி. இவ்வளவு சுருங்கும் மண்ணுக்கு டெர்சாகியின் கணக்கு பொருந்தாது. இறக்கம் சிறியது, ஊடுருவல் மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. 1967-ல் கிப்சனும் உடன் ஆய்வாளர்களும் தந்த பெரும் இறக்கத் தேற்றம்தான் இங்கே வேண்டும். அதன்படி ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: தரை டெர்சாகி சொல்வதைவிட வேகமாக இறங்கும், ஆனால் உள்ளே சிக்கிய நீரழுத்தம் அதைவிட மெதுவாகத்தான் குறையும். தரை இறங்கிவிட்டது என்பதை வைத்து உள்ளே வலிமை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது: மழைத் தண்ணீர் குழியில் தேங்காமல் ஒரு மூலையில் வடிகால் வெட்டி வெளியேற்றுங்கள். காய்ந்த ஓட்டில் முதலில் அரை அடி ஆழத்துக்கு வாய்க்கால்கள், ஓடு கனமாக ஆக அவற்றை ஆழப்படுத்துங்கள். இந்த வெயில்தான் உங்களுக்கு இலவச இயந்திரம். வருஷா வருஷம் பல ஆழங்களில் மண் எடுத்து ஈரம் பாருங்கள். அடியிலும் ஈரம் லிக்விட் லிமிட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் மேலே மூங்கில் தட்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, 30 செ.மீ. மணலைக் கையால் பரப்ப வேண்டும். டிப்பரை ஓரத்தில் நிறுத்தி ஒரே குவியலாகத் தள்ளினால் சேறு அலையாக முன்னே ஓடி, நடுவில் குட்டைகளாகச் சிக்கிக்கொள்ளும். அந்தக் குட்டைகள் இருக்கும் இடமெல்லாம் பின்னால் தனித்தனியாகப் பள்ளம் விழும். அடுத்த முறை தூர்வாரும்போது வண்டலைக் குழிக்குக் கொண்டுபோகாமல், முறையாக அனுமதி வாங்கி வயலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆச்சி வீடு நூறு வருஷத்துக்கு மேல் பழையது. ஊருணிப் பக்கம் இருக்கும் பட்டாசாலைச் சுவரில் இரண்டு வருஷமாக விரிசல் வந்து வளர்கிறது. மண் இறங்குகிறது என்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்துமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: வீட்டு எடையால் இறங்க வேண்டியது உங்கள் பாட்டனார் காலத்திலேயே இறங்கி முடிந்திருக்கும். இப்போது நகர்கிறது என்றால் புதிதாக ஏதோ மாறியிருக்கிறது. நான்கை விசாரியுங்கள். பக்கத்து மனையில் மண் அடித்தார்களா? அந்த எடை எல்லைக்கல்லோடு நிற்காது, உங்கள் சுவருக்கு அடியிலும் பரவும். ஊருணியைத் தூர்வாரும்போது சுவர்ப் பக்கக் கரையை ஆழமாக வெட்டினார்களா? வளவில் விழும் மழைத் தண்ணீர் போகும் பழைய வடிகால் உடைந்திருக்கிறதா? சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு கூடி நிலத்தடி நீர் இறங்கியிருக்கிறதா? நீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் களிக்குச் சதுர மீட்டருக்கு 1 டன் எடை கூடியதற்குச் சமம். ஏறக்குறைய ஒரு மாடி கட்டிய மாதிரி.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சுண்ணாம்பு கொண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் விரிசல் அகலத்தை மாதம் ஒருமுறை எழுதிவாருங்கள். சித்திரையில் அகன்று ஐப்பசி மழையில் மூடினால் அது களி உலர்ந்து சுருங்கி, நனைந்து உப்புவது. மருந்து வேறு, சுவரோரம் ஈரம் மாறாமல் பார்த்துக்கொள்வது. மூடாமல் ஒரே திசையில் வளர்ந்தால்தான் இறக்கம். ஒரு வருஷ அளவு கையில் இல்லாமல் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்கு அது பகை, காரணமும் மறைந்துவிடும்.

கேள்வி: கடலில் மண் கொட்டிக் கட்டிய ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் இன்னும் இறங்குகிறதாமே, அங்கேயே கணிக்க முடியவில்லையா?
– புதுவயல் வாசகர்

பதில்: 1994-ல் திறந்தார்கள். முதல் தீவு மண் கொட்டத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 13 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. மேலே உள்ள இளம் களிக்கு மணல் வடிகால் வைத்தார்கள், அது சீக்கிரமே முடிந்தது. அதற்கு அடியில் மிக ஆழத்துக்குப் போகும் பழைய களி அடுக்குகள் வடிகால் எட்டாத இடத்தில் இருக்கின்றன. அவற்றின் இறக்கம்தான் இழுத்துக்கொண்டே போகிறது. இறங்கும் என்று தெரிந்தே கட்டியதால் முனையத்தின் தூண்களுக்கு அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தித் தகடு செருகுகிறார்கள்.

வடிகால் பற்றி இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 10 செ.மீ. அகலப் பட்டை வடிகாலை 1 மீட்டர் இடைவெளியில் நெட்டுக்குத்தாக இறக்கினால், சி.வி. 1 உள்ள 10 மீட்டர் களியில் 90 சதவீதம் இறங்க 21 வருஷம் பிடிக்கும் வேலை ஒரு வருஷத்துக்குள் அடங்கும். ஐ.எஸ். 15284 பகுதி 2-இல் விதிகள் உள்ளன. 3 மீட்டர் களியுள்ள வீட்டு மனைக்கு இயந்திரம் வரவழைக்கும் செலவு கட்டுப்படியாகாது, கூடுதல் மண் போதும்.

கேள்வி: பைல் போட்டு நேரே சரளையில் நிறுத்திவிட்டால் காத்திருக்கவே வேண்டாம் அல்லவா?
– நாச்சியாபுரம் வாசகர்

பதில்: தூண்கள் நிற்கும். சுற்றியுள்ள மண் நிற்காது. கிராவல் அடித்த கையோடு பைல் போட்டால், இறங்கும் களி பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். அந்த எடையையும் பைல் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும், நிறையப் பேர் சேர்ப்பதில்லை. தரைத்தளம் மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தால் அது தனியாக இறங்கி, சுவரோரம் இடைவெளி விழும். ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் ஓரக் கற்கள் முதலில் தெறிக்கும். பைல் போடுவதென்றால் தரையையும் பீமின் மேல் தொங்கும் சிலாபாகப் போடுங்கள். வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாய்க்கு வளையக்கூடிய இணைப்பு வையுங்கள். செப்டிக் டேங்க் மண்ணோடு இறங்கும், வீடு இறங்காது. வாட்டம் மாறி முதலில் உடைவது அந்த இணைப்புதான்.